டிரம் மூடி மேல் ஒரு கையெழுத்து

நாலாவது வீட்டில் புழு இல்லை. மூன்றாவது வீட்டிலும் இல்லை. இரண்டாவது வீட்டில் கொல்லையில் கிடந்த ஆட்டுரல் குழியில் மட்டும் நாலைந்து நெளிந்தது. முதல் வீடு பூட்டிக் கிடந்தது. அப்படியானால் இன்னும் நாலு வீடு, அதற்கு அடுத்தது ஒன்பதாவது வீடு. பாண்டீஸ்வரி இன்ஸ்பெக்டருக்கு இரண்டடி பின்னால் டார்ச் லைட்டையும் மருந்துக் குப்பியையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். காலை எட்டரை மணி வெயிலுக்கே நகராட்சியில் கொடுத்த நீலக் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒன்பதாவது வீட்டு அன்னலட்சுமியின் மகள் தர்ஷிகா, ஆறு வயது, புதன்கிழமையிலிருந்து பெரியாஸ்பத்திரிக் காய்ச்சல் வார்டில் கிடக்கிறாள். டெங்கு என்று ரத்தத்தில் தெரிந்துவிட்டால் அந்த வீட்டைச் சுற்றி ஐம்பது வீட்டையும் அலசிப் பார்க்க வேண்டும், அது விதி. அலசுவதற்கு சானிட்டரி இன்ஸ்பெக்டர் எபனேசர் சாரே நேரில் வந்திருக்கிறார். செக்கடித் தெருவுக்கு வாரா வாரம் வந்து, தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மூடியையும் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டியவள் பாண்டீஸ்வரி. அவள் குடியிருப்பதும் இதே தெருதான், பத்தாவது வீடு. சொந்தத் தெருவையே வேலையாகக் கொடுத்திருக்கிறார்களே என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு சந்தோஷப்பட்டாள். வெயிலில் அலைய வேண்டாம், தாகம் எடுத்தால் கூச்சமில்லாமல் கேட்கலாம், எல்லாம் தெரிந்த முகம். தெரிந்த முகம்தான் இப்போது ஒவ்வொரு வாசலிலும் நின்று அவளைப் பார்க்கிறது.

அந்த மூடியை அவள் திறக்கவில்லை. இந்த ஒரு வாக்கியம் விடிந்ததிலிருந்து பல்லில் மாட்டிய நார் போல நாக்கை இழுத்துக்கொண்டே இருக்கிறது, வேறு எதை நினைத்தாலும் அங்கேயே போய் நிற்கிறது. திறக்கவில்லை என்பதுகூடச் சரியில்லை. திறக்காமல் இருந்திருந்தால் மறந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் அட்டையைக் கழற்றி, ஒன்பதாவது வீட்டு நீல டிரம்மின் மூடி மேலேயே வைத்து, அதை மேஜையாக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கைக்கு வாகாக இருந்தது. அன்னலட்சுமி ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து அதே மூடி மேல் வைத்தாள். டீ சூடு பிளாஸ்டிக்கில் வட்டமாக ஈரம் விட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த வட்டத்துக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் என்ன நெளிந்துகொண்டிருந்ததோ. எட்டு வாரம் இப்படி. அதற்கு முந்தின வாரம் கடைசியாகத் திறந்தாள், புழு இருந்தது, கொட்ட வேண்டும் என்றாள். அன்னலட்சுமி சண்டை போடவில்லை, கத்தவில்லை. "மதினி, குழா வந்து மூணு நாளுதான் ஆவுது. இன்னும் ஏழு நாளைக்கு இதுதான். கொட்டிட்டா நான் பிள்ளைய வச்சுக்கிட்டு என்னத்தக் குடிக்க?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதில் பயிற்சி வகுப்பில் சொல்லித் தரவில்லை. வாரத்துக்கு ஒரு நாள் தொட்டியைக் காலி செய்து, சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் காயவைக்கச் சொல்லுங்கள் என்று ஏசி அறையில் ஒரு அம்மா படம் போட்டுக் காட்டினார். அந்த அம்மா வீட்டில் குழாய் தினமும் வரும்போல. இந்தத் தெருவில் பத்து நாளைக்கு ஒரு தடவை வருகிறது. முட்டை கொசுவாகி எழும்பிப் போவதற்கு எட்டு நாள் போதும். நகராட்சிக் குழாயைவிடக் கொசு இரண்டு நாள் முந்திவிடுகிறது. அன்றைக்கு மருந்தையாவது ஊற்றட்டுமா என்றாள். "குடிக்கிற தண்ணி மதினி, அந்த வாடைக்குப் பிள்ளை குடிக்க மாட்டேங்கா" என்றாள். சரி என்று விட்டது. அந்தச் சரியிலிருந்துதான் எல்லாம்.

ஐந்தாவது வீடு. எபனேசர் சார் குனிந்து, தொட்டிக்குள் ஒளியை அடித்து, அடியில் பதுங்கிய புழு மேலே வரட்டும் என்று பொறுமையாக இருபது எண்ணுகிறார். நல்ல மனிதர். அவர் எண்ணுகிற நேரத்தில் அவளும் எண்ணினாள், ஆனால் வேறு எண்ணிக்கை. பிள்ளைக்குக் காய்ச்சல் திங்கட்கிழமை வந்தது. கடித்து ஒரு வாரம் கழித்துத்தான் வரும் என்பார்கள். அப்படியானால் போன வாரத் தொடக்கத்திலேயே கடித்திருக்கிறது. கடித்த கொசு அதற்கும் முன்னால் தண்ணீரை விட்டு எழும்பியிருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இந்தச் செவ்வாய்க்கிழமைக் கையெழுத்து குற்றமில்லாதது. போன செவ்வாய்க் கையெழுத்தும் இல்லை. மூன்றோ நாலோ வாரத்துக்கு முந்தியதுதான், அன்றைக்கு மட்டும் திறந்திருந்தால் போதும். அன்றைக்கு என்ன நடந்தது, டீ குடித்தாளா, மழையா, ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எட்டுக் கையெழுத்தில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்ற ஏழும் கழுவிப் போய்விடும் என்று யார் சொன்னது. இந்தக் கணக்கை எதற்குப் போடுகிறாய் பாண்டீஸ்வரி, தப்பிக்கத்தானே? வெட்கமாக இருந்தது. தனக்குள்ளேயே யாரோ ஒரு வக்கீல் உட்கார்ந்துகொண்டு அசராமல் வாதாடுகிறான், அவனுக்குச் சோறு போடுவதும் அவள்தான்.

ஆறாவது வீட்டுக்காரி வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள். "எங்க வீட்டுல என்ன சார் பாக்கீக, வாய்க்கால்கரைப் பக்கம் போய்ப் பாருங்க, அங்கிட்டுத்தான் எல்லாச் சீக்கும்" என்றாள். எபனேசர் சார் சிரித்து, "அங்கயும் போவோம்மா, வழிய விடுங்க" என்றார். வாய்க்கால்கரை என்றதும் பாண்டீஸ்வரிக்குக் காது மடல் சுட்டது. ஏனென்றால் மற்ற கிழமைகளில் அவள் போய்ப் பார்க்கிற இடங்களில் அதுவும் ஒன்று, அங்கே அவள் மூடியைத் திறக்கத் தவறியதே இல்லை. புறம்போக்கில் தார்ப்பாய் போட்டுக் குடியிருக்கிற முப்பது வீடு, குழாயே கிடையாது, தள்ளுவண்டியில் போய்ப் பிடித்து வருகிற தண்ணீர். அங்கே போனால் அவளுக்கு ஒரு குரல் வரும். கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொள்வாள். "எத்தன தடவ சொல்றது, மனுசங்கதானே நீங்க?" என்பாள். வைகாசியில் ஒரு பெண், வயிற்றுப்பிள்ளைக்காரி, ஏழெட்டு மாசம் இருக்கும், தண்ணீர் பிடித்து வந்து அப்போதுதான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழைய தண்ணீரோடு புதுசையும் சேர்த்து ஊற்றியிருந்தாள், புழு இருந்தது. பாண்டீஸ்வரி காலால்தான் தள்ளினாள் அந்த டிரம்மை. கையால்கூட இல்லை. அந்தப் பெண் ஓடுகிற தண்ணீருக்கு முன்னால் ஒரு தட்டை வைத்து அணைகட்டப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினாள் பாண்டீஸ்வரி. கடமையைச் செய்த தூக்கம். அன்னலட்சுமிக்கு வந்த இரக்கம் அந்தப் பெண்ணுக்கு ஏன் வரவில்லை? அவள் பேர்கூடத் தெரியாது. தெரிந்தவளுக்கு ஒரு சட்டம், தெரியாதவளுக்கு ஒரு சட்டம். இல்லை, அது மட்டுமில்லை, அவர்கள் என்ன ஆட்கள் என்று தெரியும், அதனால்தான் கால் நீண்டது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, தனக்குள் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

ஆபீசர்ஸ் காலனி இன்னொரு கதை. அங்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். பால்கனியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்து, "நேத்துதான் கிளீன் பண்ணோம்மா, கையெழுத்து போட்டுட்டுப் போ" என்று சொல்லும், வேலைக்காரப் பெண் அட்டையைக் கம்பி வழியாக நீட்டுவாள். உள்ளே மாடியில் மூன்று தொட்டி, நீரூற்று வைத்த தாமரைக் குளம், பிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர்த் தட்டு, எல்லாம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கம்பியிலேயே அட்டையை முட்டுக் கொடுத்து எழுதிக் கொடுத்துவிட்டு, "நன்றிங்கம்மா" என்றும் சொல்லுவாள். எதற்கு நன்றி? வெயிலில் நிற்க வைத்ததற்கு. ஆக, பயப்படுகிற இடத்தில் கம்பியில் வைத்துக் கையெழுத்து, பழகிய இடத்தில் டிரம் மூடியில் வைத்துக் கையெழுத்து, யாரும் கேட்க நாதியில்லாத இடத்தில் கால். இந்த ஊரில் கொசு ஒழிப்பு இப்படித்தான் நடக்கிறது, நடத்துவது நான்தான் என்று நினைத்தாள். ஏழாவது வீட்டில் எபனேசர் சார் இருபது எண்ணி முடித்திருந்தார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். போகாமல் இருக்க முடியவில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. பள்ளிக்கூடம் விட்டால் தர்ஷிகா நேராக அத்தை வீட்டுக்குத்தான் வருவாள், தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அன்னலட்சுமி வர ஏழு மணி ஆகிவிடும். அதுவரை அடுப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், எழுதி முடித்ததும் கதை கேட்பாள். அந்தப் பிள்ளை கட்டிலில் கொசுவலைக்குள் கிடந்தது. கொசுவலை இப்போது எதற்கு என்றால், பிள்ளையைக் கடித்த கொசு அடுத்த கட்டிலுக்குக் கொண்டுபோய்விடக் கூடாதாம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ரத்தத் தட்டணு எண்ணிக்கை முப்பத்திரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது, இனிமேல் இறங்கினால்தான் பயம் என்றாள் நர்ஸ். முப்பத்திரண்டாயிரம் என்பது பெரிய எண்ணிக்கையாகத்தானே தெரிகிறது, லட்சக்கணக்கில் இருக்க வேண்டியதாம். தர்ஷிகா கண்ணைத் திறந்து, "அத்த, எங்க வீட்டுல புழு இருக்கா?" என்று கேட்டாள். வாரா வாரம் கேட்கிற கேள்விதான், டார்ச்சைப் பார்த்தாலே கேட்பாள். வாரா வாரம் சொல்கிற பதில்தான் வாயில் வந்தது. "உங்க வீட்டுல ஏதுடா தங்கம்" என்றாள். சொல்லிவிட்டு வராண்டாவுக்கு வந்து நின்றாள், அழுகை வரவில்லை, அழுதால்கூடக் கொஞ்சம் நல்லவளாகத் தெரியுமே என்று தோன்றியது. நிறையத் தண்ணீர் கொடுங்கள், கஞ்சி, இளநீர், மணிக்கு மணி ஏதாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் அன்னலட்சுமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. புருஷனை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு, குளித்துக் கஞ்சி காய்ச்சி எடுத்துப்போக அன்னலட்சுமி வந்திருந்தாள். தலை வாரவில்லை. "எப்படிம்மா இருக்கு பிள்ளைக்கு?" என்றார் எபனேசர் சார். "அப்படியேதான் சார் இருக்கு" என்றாள். பாண்டீஸ்வரி முன்னால் போய் மூடியில் கை வைத்தாள், நானே பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிடலாம், சொல்லி, ஒளியைச் சாய்த்து அடித்து, இல்லை சார் என்று... "நீ தள்ளும்மா" என்றார் அவர். மூடியைத் தூக்கினார். இருபது எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒளி பட்டதும் மேல் தண்ணீர் முழுக்கக் குதித்து அடியில் இறங்கியது. புழு மட்டுமில்லை, வால் சுருண்ட கூட்டுப்புழுக்களும் மிதந்தன, இன்றோ நாளையோ றெக்கை முளைக்கிற பருவம். அவர் நிமிர்ந்து கதவுக்குப் பின்னால் அட்டையைப் பார்த்தார். "செவ்வாக்கெழம பாத்திருக்க நீ" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை, அதுதான் மோசம். இப்போது சொல்லிவிட வேண்டும், நான் திறக்கவில்லை சார், மூன்றே மூன்று வார்த்தை. தினக்கூலி வேலைதான், திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், சொல்லட்டும். வாயைத் திறந்தாள்.

"அவுக பாத்தாக சார்" என்றாள் அன்னலட்சுமி. "மூடியத் தொறந்து, லைட்டு அடிச்சு, பாத்துட்டுத்தான் போனாக. ஒண்ணும் இல்ல அன்னிக்கு. அதுக்குப் பெறகு நாந்தான் டேங்கர் தண்ணி பிடிச்சு ஊத்துனேன், அதுல வந்துருக்கும்."

நாலு நாளில் கூட்டுப்புழு ஆகாது. இருபத்தாறு வருஷ சர்வீஸில் எபனேசர் சாருக்கு அது தெரியாதா. அவர் மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பாண்டீஸ்வரியும் அப்போதுதான் பார்த்தாள், அவளுடைய எட்டுக் கையெழுத்துக்கு நடுவில் பச்சை மையில் இரண்டு இடத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது. மாசம் ஒரு தடவை அவர் வீடு வீடாக வந்து சரிபார்த்ததாக அர்த்தம். இந்த வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை, தெருமுனை டீக்கடையில் அட்டைகளை மொத்தமாக வாங்கிப் போட்டுக் கொடுத்தார். அந்த அட்டைகளைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவள்தான். அவர் குரலைச் செருமிக்கொண்டு, அன்னலட்சுமி பக்கம் திரும்பி, "தண்ணிய மூடி வச்சா மட்டும் போதாதும்மா, இறுக்கமாத் துணி கட்டணும். நோட்டீஸ் ஒண்ணு தருவோம், கையெழுத்துப் போட்டுருங்க. அஜாக்கிரதையா தண்ணி சேமிச்சு வச்சதுக்கு" என்றார். பிறகு பாண்டீஸ்வரியிடம், முகத்தைப் பார்க்காமல், "கொட்டிரு" என்றார். அஜாக்கிரதை என்று நோட்டீஸில் எழுதியதும் பாண்டீஸ்வரியின் பேனாதான். பிள்ளையின் அம்மா சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். யார் போட வேண்டிய கையெழுத்தை யார் போடுவது என்று நினைத்தபடியே பாண்டீஸ்வரி பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கொட்டினாள். இந்தத் தடவை இரண்டு கையாலும் பிடித்துச் சாய்த்தாள், மெதுவாக, அதனால் என்ன ஆகிவிடப் போகிறது. தண்ணீர் வாசல்படி தாண்டித் தெருவுக்குப் போனது, வெயிலில் புழுக்கள் மண்ணில் துடித்து அடங்கின. அடுத்த குழாய் நாளைக்கு வரலாம், திங்கட்கிழமை வரலாம், மோட்டார் ரிப்பேர் என்றால் அதுவும் இல்லை. அன்னலட்சுமி நகர்ந்து நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு குடத்தை எடுத்துவந்து, "மதினி, உங்க வீட்டுல ஒரு கொடம் தண்ணி இருக்குமா? கஞ்சி வைக்கணும், பத்து மணிக்கு அங்க போவணும்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எபனேசர் சார் இதற்குள் வெளியே போய்விட்டார். பத்தாவது வீட்டைத் தாண்டும்போது, "பணியாளர் வீடு, சரி" என்று தாளில் ஒரு கோடு இழுத்துவிட்டு, பதினொன்றாவது வீட்டு வாசலில் போய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பணியாளர் வீட்டை யாரும் பார்ப்பதில்லை, அது வழக்கம்.

பாண்டீஸ்வரி குடத்தை வாங்கிக்கொண்டு தன் வீட்டு அடுப்படிக்கு வந்தாள். ஜன்னலுக்குக் கீழே அவளுடைய டிரம், புருஷன் பிடித்து நிரப்பி வைப்பது, அவள் காலையில் ஒரு குடம் மொண்டுவிட்டு ஓடுவாள். ஊர்த் தண்ணீரையெல்லாம் பார்த்துவிட்டு வருகிற கண்ணுக்கு வீட்டுக்குள் வந்தும் பார்க்க வேண்டுமா என்று அலுப்பாக இருக்கும். சொம்பை உள்ளே விடப் போனவள், கையில் டார்ச் இருந்ததால் அடித்தாள். அவ்வளவுதான். இங்கும் குதித்து அடியில் இறங்கியது. அதே பருவம், அதே சுருண்ட வால். பகலில் கடிக்கிற கொசு. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தப் பிள்ளை நாலு மணியிலிருந்து ஏழு மணிவரை உட்கார்ந்து எழுதுகிற இடம், இந்த டிரம்மிலிருந்து கை நீட்டினால் தொடுகிற தூரம். எட்டுக் கையெழுத்தில் எது என்று காலையிலிருந்து தேடினாளே, அந்த எட்டிலும் இது இல்லை. இதற்கு அட்டையே இல்லை. அங்கேயே உட்கார்ந்தாள். எந்த டிரம் கொசு என்று இனி யாராலும் சொல்ல முடியாது, அதுவே தப்பித்தல் போலவும் அதுவே தண்டனை போலவும் இருந்தது. பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் கொட்டிவிடலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. உள்ளிருந்த வக்கீல் உடனே எழுந்து நின்றான். கொதிக்க வைத்தால் ஒன்றும் செய்யாது, கெடுதல் தண்ணீரில் இல்லை, கொசுவில்தான் இருக்கிறது என்றான். அது உண்மைதான். பிள்ளைக்குக் கஞ்சி வேண்டும், அது அதைவிட உண்மை. வேட்டித் துணியை நாலாக மடித்து, குடத்து வாயில் கட்டி, வடித்தாள். துணியில் தங்கியதைப் பார்க்காமல் உதறினாள்.

குடத்தை வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்கும்போது, "அன்னம், இதுலயும் புழு இருந்துச்சு. வடிச்சிருக்கேன். நல்லாக் கொதிக்க வச்சுக்கோ" என்றாள். அன்னலட்சுமி குடத்தைப் பார்த்தாள், பாண்டீஸ்வரி முகத்தைப் பார்த்தாள், பிறகு அந்த வீட்டு அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். புரிந்துகொண்டாள். ஆனாலும் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், வேறு தண்ணீர் இல்லை.

"உங்க மேல உள்ள பிரியத்துல நான் அந்தப் பொய்யச் சொல்லல மதினி" என்றாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "உங்கள நிப்பாட்டிட்டா வேற ஒருத்தி வருவா. அவ வாரா வாரம் எல்லாத்தையும் கொட்டிட்டுப் போவா. நீங்கன்னா கேக்க மாட்டீக, அதுக்காகத்தான்."

சொல்லிவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போய்விட்டாள். தான் நல்லவள் என்பதற்காக இல்லை, வேலையைச் சரியாகச் செய்யாதவள் என்பதற்காகத்தான் இந்தத் தெரு தனக்கு இரண்டு வருஷமாக டீ போட்டுக் கொடுத்திருக்கிறது என்று பாண்டீஸ்வரிக்கு அந்த வாசலில் நிற்கும்போது தெரிந்தது. இனிமேல் அடுத்த செவ்வாய்க்கிழமை அந்த மூடியைத் திறந்தாலும் வெட்கம், திறக்காவிட்டாலும் வெட்கம். எபனேசர் சார் பதினொன்றாவது வீட்டை முடித்துப் பன்னிரண்டாவதுக்கு நடந்தார். எதிர் வாசல்களில் நாலைந்து பேர் நின்றார்கள். பாண்டீஸ்வரி கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டு, வெறும் சேலையோடு படியில் இறங்கி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"சார், ஒரு வீடு விட்டுப்போச்சு. பத்தாவது வீடு. வந்து பாருங்க."